டீவிக்கு சவுண்ட்பார் இல்லை, ஸ்மார்ட் ஸ்பீக்கர் இருக்கிறது: சத்தத்தை எங்கிருந்து எடுப்பது?

டீவி மெலிய மெலிய அதன் சத்தமும் மெலிந்துவிட்டது. திரைக்குப் பின்னாலோ அடியிலோ ஒளித்து வைத்த இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள் சுவரைப் பார்த்துக் கதைக்கின்றன. நம் வீட்டு ஹோல்களில் தரை டைல்ஸ், சுவர் சீமெந்துப் பூச்சு, மேலே ஃபேன் நாலாம் நம்பரில் சுற்றுகிறது. செய்தி வாசிப்பவர் சொல்வதில் பாதி விளங்காது. சத்தத்தைக் கூட்டினால் விளம்பரம் வரும்போது பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் தட்டுவார்.

அதே ஹோலில், லண்டனிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ வந்த உறவுக்காரர் கொடுத்த ஸ்மார்ட் ஸ்பீக்கர் ஒன்று ஷோகேஸ் மேல் நேரம் சொல்லிக்கொண்டு இருக்கும். சவுண்ட்பாருக்குப் பதிலாக இதை டீவியோடு கொழுவலாமா? கொழுவலாம். ஆனால் எல்லா மொடலிலும் சரிவராது, எல்லா வழியிலும் சரிவராது. எந்த ஸ்பீக்கர் நல்லது என்பதை விட, சத்தத்தை எந்த இடத்தில் எடுக்கிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். டீவியில் எடுத்தால் எல்லாமே கேட்கும். டீவியில் குத்துகிற ஃபயர் டீவி ஸ்டிக் போன்ற ஸ்டிக்கில் எடுத்தால் ஸ்டிக் மட்டும்தான் கேட்கும். புளூடூத்தில் எடுத்தால் உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம்.

முதலில் ஸ்பீக்கரைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். 3.5 மில்லிமீற்றர் ஓட்டை இருக்கிறதா? இருந்தால், அது சத்தத்தை உள்ளே வாங்குகிற ஓட்டையா, வெளியே விடுகிற ஓட்டையா? ஆட்கள் ஏமாறுகிற முதல் இடம் இதுதான். 2019இல் வந்த துணி சுற்றிய மூன்றாம் தலைமுறை அமேசன் எக்கோவிலும், 2020இல் வந்த பந்து வடிவ நாலாம் தலைமுறை எக்கோவிலும் இருக்கிற ஓட்டையை இரண்டு வேலைக்கும் மாற்றலாம். எக்கோ ஸ்டூடியோவின் முதல் மொடலில் அதே ஓட்டைக்குள் ஒப்டிகலும், அதாவது சத்தத்தை வெளிச்சமாக அனுப்புகிற வயரும், போகும். எக்கோ டொட் மூன்றாம், நாலாம் தலைமுறைகளில் ஓட்டை பார்க்க அப்படியேதான் இருக்கும், ஆனால் சத்தம் வெளியே மட்டும்தான் போகும். டீவியிலிருந்து உள்ளே எடுக்காது. ஐந்தாம் தலைமுறை டொட்டில் ஓட்டையே இல்லை. கூகுள் நெஸ்ட் மினி, நெஸ்ட் ஓடியோ, ஆப்பிள் ஹோம்பொட் எதிலும் இல்லை. இவற்றை வைத்திருப்பவர்களுக்கு வயர் வழி இல்லை. டொட், ஹோம்பொட் வைத்திருப்பவர்கள் கீழே ஸ்டிக் பற்றிய பகுதிக்கும், நெஸ்ட் வைத்திருப்பவர்கள் புளூடூத் பற்றிய பகுதிக்கும் போங்கள்.

அமெரிக்காவில் வாங்கியது என்றால் அடப்டரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மட்டும் கரண்டில் போடுங்கள். அப்படி இருந்தால் பிளக்கின் கால்தான் பிரச்சினை, ஒரு கொன்வேர்ட்டர் பிளக் போதும்.

வயர் வழி

டீவியின் பின்னால் மூன்று இடங்களில் சத்தம் கிடைக்கலாம்: ஹெட்ஃபோன் ஓட்டை, சதுரமான ஒப்டிகல் வாய், ஆர்க் என்று எழுதிய எச்டிஎம்ஐ வாய்.

ஹெட்ஃபோன் ஓட்டை இருந்தால் வேலை சுலபம். இரு முனையிலும் 3.5 மில்லிமீற்றர் பிளக் உள்ள சாதாரண வயர் ஒன்று போதும். பிளக்கில் இரண்டு கறுப்பு வளையங்கள், அதாவது மூன்று உலோகப் பகுதிகள் இருக்க வேண்டும். மைக்கோடு வருகிற நாலு பகுதி ஹெட்செட் வயர் வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை: பல டீவிகளில் ஏவி இன் என்று ஒரு 3.5 மில்லிமீற்றர் ஓட்டை இருக்கும். அது பழைய டிவிடி பிளேயரைக் கொழுவுகிற இடம். அதில் வயரைப் போட்டுவிட்டு ஸ்பீக்கர் பழுது என்று முடிவுகட்டாதீர்கள்.

வயரைக் கொழுவியபின் அலெக்ஸா செயலியில் அந்த எக்கோவின் செட்டிங்ஸுக்குள் போய், ஒக்ஸ் ஓடியோ என்ற இடத்தில் லைன் இன் என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஸ்பீக்கர் அந்த ஓட்டையை வெளியே விடுகிற ஓட்டையாகவே நினைத்துக்கொண்டு இருக்கும், சத்தமே வராது.

சத்த அளவில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஹெட்ஃபோன் ஓட்டையின் சத்தம் டீவி ரிமோட்டுக்குக் கட்டுப்படும். டீவியை 15இல் வைத்து ஸ்பீக்கரை முழுதாகக் கூட்டினால் பின்னால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கேட்கும். டீவியை 100இல் வைத்தால் உரத்த இடங்களில் சத்தம் வெடிக்கும். டீவியை 60 அளவில் வைத்து, ஹோலுக்குப் போதுமான அளவுக்கு ஸ்பீக்கரை ஒருமுறை கூட்டிவிட்டு, பிறகு ஸ்பீக்கரைத் தொடாமல் ரிமோட்டை மட்டும் பாவியுங்கள். வீட்டில் அம்மம்மா டீவி பார்க்கிறவர் என்றால் இந்த வழிதான் சரி. அவர் அலெக்ஸாவோடு இங்கிலீஷில் மல்லுக்கட்டத் தேவையில்லை, பழைய ரிமோட்டே போதும்.

புதிய டீவிகள் பலவற்றில் ஹெட்ஃபோன் ஓட்டையை எடுத்துவிட்டார்கள். அப்போது ஒப்டிகல். எக்கோ ஸ்டூடியோவுக்கு ஒரு முனை சதுரம், மறுமுனை 3.5 மில்லிமீற்றர் வடிவ மினி ஒப்டிகல் உள்ள வயர் வேண்டும். சாதாரண ஒப்டிகல் வயரின் முனையில் போடுகிற சின்ன அடப்டரும் சரிவரும். மற்ற எக்கோக்களுக்கு நடுவில் ஒரு பொக்ஸ் வேண்டும்: ஒப்டிகலை வாங்கி 3.5 மில்லிமீற்றரில் விடுகிற, 5 வோல்ட்டில் ஓடுகிற தீப்பெட்டி அளவுச் சாமான். கடையில் டெக் என்றோ டிஜிட்டல் டு அனலொக் கொன்வேர்ட்டர் என்றோ கேளுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் தேடலாம். சிவப்பு வெள்ளை வாய்கள் மட்டும் உள்ளதும் உண்டு, 3.5 மில்லிமீற்றர் வாயும் உள்ளதும் உண்டு. பின்னதை வாங்கினால் இன்னொரு வயர் மிச்சம்.

ஒப்டிகல் வயரின் இரு முனையிலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் குத்துகிறவர்கள் எத்தனையோ பேர். கழற்றிவிட்டு, டீவியில் ஒரு முனையைப் போட்டு மறுமுனையைப் பாருங்கள். சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் டீவி சத்தத்தை அனுப்புகிறது. வயரைச் சுவர் மூலையில் கூர்மையாக மடிக்க வேண்டாம், உள்ளே இழை உடைந்தால் வெளியே தெரியாது.

வெளிச்சம் வருகிறது, ஆனால் சத்தம் இல்லை, அல்லது கரகர என்று இரைகிறதா? பத்தில் ஒன்பது முறை காரணம் ஒன்றேதான். டீவி டொல்பி வடிவில் அனுப்புகிறது, அந்தச் சின்ன பொக்ஸுக்கு டொல்பி தெரியாது. டிஜிட்டல் ஓடியோ அவுட் என்ற இடத்தில் பிசிஎம் என்று வைக்க வேண்டும். சாம்சங்கில் இது சவுண்ட், எக்ஸ்பர்ட் செட்டிங்ஸ் என்பதற்குள்ளே இருக்கும். எல்ஜியில் சவுண்ட் அவுட் பக்கத்தில். சொனியில் ஓடியோ அவுட்புட் பக்கத்தில். ‘ஓட்டோ’வில் விட்டால் செய்தி கேட்கும், படம் பார்க்கும்போது திடீரென்று ஊமையாகிவிடும். ஒன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் வயரை மாற்ற முன் இதைப் பாருங்கள்.

ஒப்டிகலின் ஒரே குறை, பெரும்பாலான டீவிகளில் அதன் சத்த அளவு மாறாது. ரிமோட்டை அமுக்கினால் திரையில் கோடு ஏறும், சத்தம் அசையாது. ஸ்பீக்கரின் பொத்தானிலோ குரலிலோதான் கூட்ட வேண்டும். இது பிடிக்காதவர்கள், தனி ரிமோட்டோ திருகு பொத்தானோ உள்ள கொன்வேர்ட்டர் பார்த்து வாங்குங்கள்.

ஹெட்ஃபோனும் இல்லை, ஒப்டிகலும் இல்லை என்றால் ஆர்க் வாயிலிருந்து சத்தத்தைப் பிரித்தெடுக்கிற அடப்டர்கள் உண்டு. ஆர்க் என்று எழுதிய வாயில் மட்டும்தான் போட வேண்டும். டீவியில் சிஇசியையும், அதாவது எச்டிஎம்ஐ வயர் வழியே சாதனங்கள் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகிற வசதியையும், ஓன் செய்ய வேண்டும். இதை எல்லாரும் ஒரே பெயரில் சொன்னால் நல்லது. சாம்சங் எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்ளிங்க் என்கிறது, சொனி பிராவியா சிங்க் என்கிறது.

இப்படி டீவியிலிருந்து எடுத்தால் பியோ டீவி, டயலொக் டீவி, டிவிடி, பிள்ளைகளின் கேம் எல்லாம் அதே ஸ்பீக்கரில் வரும். எது கொழுவியிருந்தாலும் சத்தம் டீவிக்குள் வந்துதானே வெளியே போகிறது.

உதடும் சொல்லும்

வயர் எதற்கு, புளூடூத் இருக்கிறதே என்பார்கள். புளூடூத்தில் சத்தத்தைச் சுருக்கி, அனுப்பி, சேர்த்துவைத்து, விரிப்பதற்கு நேரம் எடுக்கும். டீவிகளில் வழக்கமாக ஓடுகிற எஸ்பிசி முறையில் இது ஏறத்தாழ 150 முதல் 250 மில்லிசெக்கன். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரை ஒன்றில் இதற்குக் கணக்கு உண்டு: சத்தம் 45 மில்லிசெக்கன் முந்தினாலோ 125 மில்லிசெக்கன் பிந்தினாலோ மனிதர் கவனிக்கத் தொடங்குவார்கள்; 185 பிந்தினால் பொறுக்க மாட்டார்கள். புளூடூத் அந்த எல்லையில்தான் நின்று ஆடுகிறது. ஒப்பிட்டுப் பாருங்கள்: ஸ்பீக்கரிலிருந்து 3 மீற்றர் தள்ளி செற்றியில் இருப்பதால் வருகிற தாமதம் 9 மில்லிசெக்கன்தான்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். டீவியின் செட்டிங்ஸில் ஓடியோ டிலே என்று ஒன்று இருக்கும், அதைக் கூட்டிப் பார்ப்பார்கள், இன்னும் மோசமாகும். ஏனென்றால் அது சத்தத்தைப் பிந்த வைக்கிற பொத்தான். நமக்குச் சத்தம் ஏற்கெனவே பிந்தித்தான் வருகிறது, பிந்த வேண்டியது படம். படத்தைப் பிந்த வைக்கிற பொத்தான் சாதாரண டீவிகளில் இல்லை. ஓடியோ டிலேயைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். கேம் மோட் ஓனில் இருந்தால் அதையும் நிற்பாட்டுங்கள். அது படத்தை விரைவுபடுத்துகிறது, அதனால் சத்தம் இன்னும் பின்தங்கினதாகத் தெரியும்.

நெட்ஃபிளிக்ஸில், யூடியூப்பில் சரியாகத்தானே இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். பதிவான வீடியோவை ஓட்டுகிற செயலி, புளூடூத் எவ்வளவு பிந்தும் என்று அறிந்து படத்தை அந்த அளவுக்கு நிறுத்திவைக்க முடியும். செட் டொப் பொக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ வழியே டீவிக்கு வருகிற நேரடி ஒளிபரப்பில் அப்படிச் செய்ய ஆள் இல்லை. அதனால்தான் ஒரே டீவி, ஒரே ஸ்பீக்கர், யூடியூப் சரி, கிரிக்கெட் பிழை. பந்து மட்டையில் பட்டபின் ‘டொக்’ கேட்கும்.

எவ்வளவு பிந்துகிறது என்று அளந்து பார்க்க வேண்டுமா? வெளிச்சமும் பீப் சத்தமும் ஒன்றாக வருகிற ஒரு சோதனை வீடியோவை டீவியில் ஓட்டி, ஃபோனில் 60 ஃபிரேம் வேகத்தில் படம் பிடியுங்கள். ஃபோனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எடிட் செய்கிற செயலியில் வெளிச்சம் வந்த ஃபிரேமிலிருந்து பீப் தொடங்குகிற ஃபிரேம் வரை எண்ணுங்கள். ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெக்கன். ஏழுக்கு மேல் போனால் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். ஆனால் வீடியோ செயலி படத்தை நிறுத்திவைத்துக் கணக்கைக் குழப்பலாம். முடிந்தால் அந்த வீடியோவை யூஎஸ்பியில் போட்டோ மடிகணினியை எச்டிஎம்ஐயில் கொழுவியோ ஓட்டுங்கள்.

ஸ்டிக் வழி

ஃபயர் டீவி ஸ்டிக்கும் எக்கோவும் இருந்தால் இரண்டையும் வைஃபையில் இணைக்கலாம். இரண்டும் ஒரே அமேசன் கணக்கில், ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். அலெக்ஸா செயலியில் டிவைசஸ் பக்கத்தில் பிளஸ் குறியை அமுக்கி ஹோம் தியேட்டர் என்பதைத் தேர்ந்து, ஸ்டிக்கையும் ஸ்பீக்கர்களையும் காட்டினால் போதும். ஒரே மாதிரியான இரண்டு எக்கோக்கள் இருந்தால் இடம் ஒன்று, வலம் ஒன்று என்று ஸ்டீரியோவாகப் பிரிக்கலாம். லைன் இன் வழியில் இந்த வசதி இல்லை, அங்கே வயர் போன ஒரு ஸ்பீக்கரில் மட்டும்தான் சத்தம். ஸ்டிக் ரிமோட்டே சத்தத்தையும் கூட்டும். உதடு கொஞ்சம் விலகினால் ஸ்டிக்கின் டிஸ்பிளே அண்ட் சவுண்ட்ஸில் ஏவி சிங்க் டியூனிங் இருக்கிறது. இது ஸ்டிக்கில் இருந்தே படத்தையும் சத்தத்தையும் ஒழுங்குபடுத்துவதால் வேலை செய்யும்.

குறை தெளிவானது: ஸ்டிக்கில் ஓடுகிற படம் எக்கோவில் கேட்கும், டீவியை செட் டொப் பொக்ஸுக்கு மாற்றினால் சத்தம் பழையபடி டீவிக்குள் போய்விடும். இரவு செய்தியும் நாடகமும்தான் வீட்டில் ஓடுகிறது என்றால் இந்த வழி பயனில்லை.

ஆப்பிள் பக்கம் இதைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள், காசும் அதற்கேற்றபடி. 2021இல் வந்த இரண்டாம் தலைமுறை ஆப்பிள் டீவி 4கே பொக்ஸ் அல்லது அதற்குப் பிந்தியது, அதோடு பெரிய ஹோம்பொட், டீவியில் ஆர்க் வாய். மூன்றும் இருந்தால் செட் டொப் பொக்ஸின் சத்தமும் ஆர்க் வழியே ஹோம்பொட்டுக்குப் போகும். ஐஃபோனின் மைக்கால் தாமதத்தை அளந்து சரிசெய்கிற வயர்லெஸ் ஓடியோ சிங்க் என்பதும் உண்டு.

தொடர்மாடிகளில் வைஃபை வழிக்கு ஒரு எதிரி இருக்கிறது. வெள்ளவத்தையில், கொட்டாஞ்சேனையில் ஒரு மாடியில் நின்று ஃபோனைப் பார்த்தால் இருபது வீட்டு ரவுட்டர் தெரியும், பாதி 2.4 கிகாஹேர்ட்ஸில். சத்தம் விட்டு விட்டு வந்தால் ஸ்டிக்கையும் எக்கோவையும் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுங்கள். கரண்ட் போய் வந்தபின் ஸ்டிக் ரவுட்டரை முந்தி எழும்பிவிட்டால் ஸ்பீக்கரைத் தேடிக் கிடைக்காமல் நிற்கும். ரவுட்டர் விளக்குகள் எல்லாம் வந்தபின் ஸ்டிக்கை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய 12 வோல்ட் மினி யூபிஎஸ் மூலையில் கிடந்தால் ரவுட்டருக்குப் போடுங்கள், இந்தத் தொல்லையே இராது.

இரைச்சலும் இடியும்

3.5 மில்லிமீற்றர் வயர் போட்டபின் ‘ம்ம்ம்’ என்று ஒரு தாழ்ந்த ஓசை விடாமல் கேட்டால், அது நம் 50 ஹேர்ட்ஸ் கரண்டின் ஓசை. டிஷ்ஷின் கேபிள், மூன்று கால் பிளக்கில் கொழுவிய மடிகணினி போன்றவை டீவியோடு சேர்ந்து பூமிக்கு இரண்டு பாதை உண்டாக்கும்போது வரும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், எதைக் கழற்றினால் நிற்கிறதோ அதுதான். எர்த் காலை வெட்டிவிடுவது இதற்கு மருந்து அல்ல, உயிர் ஆபத்து. வயரின் நடுவில் போடுகிற கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்ன சாமான் இதற்கென்றே இருக்கிறது. மெல்லிய ‘கீ’ என்ற ஓசை என்றால் கொன்வேர்ட்டர் பொக்ஸை டீவி யூஎஸ்பியிலிருந்து எடுத்துத் தனி ஃபோன் சார்ஜரில் போடுங்கள்.

ஒப்டிகலில் இந்த ஓசை வராது. போவது வெளிச்சம், மின்சாரம் அல்ல. இங்கே அதற்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி பிடிக்கும்போது டிஷ் கேபிள் வழியே டீவிக்குள் வருகிற அடி, செம்பு வயர் இருந்தால் ஸ்பீக்கருக்கும் தாண்டலாம். ஒப்டிகல் வயரைத் தாண்ட முடியாது. பிளக் வழியே வருவதை அதுவும் தடுக்காது, ஆகவே இடி கேட்டால் எல்லாவற்றையும் கழற்றுவதுதான் நம் பழைய வழக்கம், அதை விட வேண்டாம்.

கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்றில் 3.5 மில்லிமீற்றர் பிளக் மங்கிவிடும். ஒரு பக்கம் சத்தம் விட்டு விட்டு வந்தால் கழற்றி நாலைந்து முறை சுழற்றிப் போட்டுப் பாருங்கள்.

எங்கே வைப்பது

டீவிக்கு நேர் கீழே, நடுவில், பலகையின் முன் விளிம்பில். அறைத் தட்டுக்குள்ளே தள்ளி வைத்தால் சொற்கள் குடத்துக்குள் கதைப்பதுபோல் வரும். மூலையில் வைத்தால் தாழ்ந்த ஓசை ஊதிப்போய் கதையை அமுக்கிவிடும். எக்கோ ஸ்டூடியோவில் மேல்நோக்கி ஒரு ஸ்பீக்கர் உண்டு, அதன்மேல் சாமிப்படம், பூச்சாடி எதுவும் வைக்க வேண்டாம். தட்டையான கொங்கிரீட் தட்டு உள்ள வீட்டில் அது மேலே பட்டுத் திரும்பி வரும். சரிந்த அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

செயலியில் ஈக்குவலைசரைத் திறந்தால் பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றும் மைனஸ் 6 முதல் பிளஸ் 6 வரை நகரும். கதை விளங்க வேண்டும் என்றால் பேஸை 3 குறைத்து, மிட்டை 2 கூட்டிப் பாருங்கள். தரையில் ஒரு பாய் அல்லது கார்ப்பெட், யன்னலுக்குத் தடித்த திரைச்சீலை. டைல்ஸ் ஹோலில் இவை இரண்டும் செய்கிற வேலையை எந்தச் செட்டிங்ஸும் செய்யாது.

புதிதாகக் காசு கொடுத்து வாங்கப் போகிறீர்கள் என்றால், டீவிக்காக மட்டும் ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்க வேண்டாம். ஆர்க் உள்ள சாதாரண சவுண்ட்பார் ஒன்று ஒரு வயரில் கொழுவினதும் டீவியோடு எழும்பும், டீவியோடு படுக்கும், டீவி ரிமோட்டுக்குக் கட்டுப்படும். ஏற்கெனவே லைன் இன் உள்ள எக்கோ வீட்டில் கிடந்தால், ஒரு வயரும் சின்ன பொக்ஸும் வாங்குகிற செலவுக்கு அது டீவியின் சொந்தச் சத்தத்தை விட நிச்சயம் நல்லது.

கடைசியாக மைக். டீவியில் விளம்பரத்தில் யாராவது அலெக்ஸா என்றால் இதுவும் விழித்து, டீவிச் சத்தத்தைத் தணித்துவிட்டுப் பதில் சொல்லத் தொடங்கும். மேலே இருக்கிற மைக் பொத்தானை அமுக்கிச் சிவப்பு விளக்கை வரவையுங்கள். மைக் நின்றாலும் லைன் இன் சத்தம் நிற்காது.